துப்பாக்கி எங்கே நின்றது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காவலர்களின் துப்பாக்கி வேலை செய்யாமல் போன செய்தி எப்போது வந்தாலும் "ஜாம் ஆகிவிட்டது" என்ற ஒரு வரியோடு முடிகிறது. ஏன் ஆனது, எந்த இடத்தில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. 2019 ஆகஸ்டில் பிகார் முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில், அரசு மரியாதைக்காக உயர்த்திய துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால் அந்தத் துப்பாக்கியைச் சந்தேகிக்கலாம். வரிசையில் நிற்கும் அத்தனையும் ஒரே நொடியில் பழுதாவதில்லை. அத்தனைக்கும் பொதுவாக இருந்தவை தோட்டாக்கள்தான் என்பதால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது தோட்டாப் பெட்டியை.

பழுது பார்ப்பதில் இந்த முறையான யோசனை இல்லாததால்தான் நல்ல துப்பாக்கிகள் ஓரம் கட்டப்படுகின்றன. கெட்ட மேகசின்கள் (தோட்டா அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் பெட்டிகள்) கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நம் காவல் படைகளில் பல ஆண்டுகளாகப் புழங்கும் எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்) துப்பாக்கியை வைத்தே இதை விளக்குகிறேன். ஆயுதக் கிடங்குப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சுடுதளத்தில் பயிற்சி தருபவர்களுக்கும் பயன்படும்.

பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வடிவமைத்த எஃப்.ஏ.எல். ரைஃபிளின் வழி வந்தது எஸ்.எல்.ஆர். இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரானது. 1962 சீனப் போரில் பழைய .303 ரைஃபிள் பிடித்திருந்த ராணுவத்துக்கு அதன்பின் கிடைத்த துப்பாக்கி இது. 7.62 மி.மீ. தோட்டா, 20 கொள்ளும் மேகசின். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் போகும். அடுத்ததைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். குண்டு குழலில் போகும்போது அதன் பின்னால் வரும் வாயுவில் ஒரு பங்கு, குழலின் மேலுள்ள சிறு துளை வழியாக ஏறி பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் கேரியரைத் தள்ள, போல்ட்டைச் சுமக்கும் அந்தக் கேரியர் போல்ட்டின் (தோட்டா அமரும் அறையைப் பின்னாலிருந்து மூடும் எஃகுக் கட்டை) பின்பகுதியைத் தூக்கிப் பூட்டை விடுவிக்கிறது. போல்ட் பின்னால் போகும் வழியில் காலி உறையை இழுத்து வெளியே எறிந்து, சுத்தியலையும் மடக்கி வைக்கிறது. பட்டில் (தோளில் பதியும் பின்கட்டை) ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள் அதை மீண்டும் முன்னால் தள்ள, புதுத் தோட்டா சேம்பர் என்ற அந்த அறைக்குள் போய்ப் பூட்டு விழுகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் ஓட்டம் அறுந்தது என்பதை, துப்பாக்கி நின்ற நிலையே காட்டிக்கொடுக்கும். பதற்றத்தில் சடசடவென்று இரண்டு முறை காக் செய்துவிட்டால் (போல்ட்டைக் கையால் பின்னால் இழுத்து விட்டால்) அந்தச் சாட்சி போய்விடும். எதிரி எதிரே நின்றால் வேறு வழியில்லை, காக் செய்து சுட வேண்டியதுதான். சுடுதளத்தில் அந்த அவசரம் எதற்கு?

பார்ப்பதற்கு முன் பாதுகாப்பு. குழல் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகுதான் காக்கிங் ஹேண்டிலை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் வெளியே போன தோட்டாவுக்குப் பதில் இன்னொன்று உள்ளே ஏறிவிடும். சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். விசையை அழுத்தியதும் "டிக்" என்று மட்டும் கேட்டு வெடிக்காமல் இருந்தால், குழலை இலக்கு நோக்கி வைத்தபடி 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, உதைப்பே இல்லாமல் கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலின் நடுவில் நின்றிருக்கலாம். அதன் மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளந்துவிடும். காலி செய்து, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

இனி பழுதுகள். எஸ்.எல்.ஆரில் அடிக்கடி வருவது போல்ட் போதிய தூரம் பின்னால் போகாத கோளாறு. காலி உறை சேம்பரிலிருந்து வந்திருக்கும், ஆனால் வெளியேறும் வாயிலில் குறுக்கே சிக்கி நிற்கும். அல்லது உறை வெளியே விழுந்திருக்கும், மேகசினில் தோட்டா இருந்தும் போல்ட் வெறும் சேம்பரின் மேல் மூடியிருக்கும். பிஸ்டனுக்கு வாயு போதவில்லை என்பது இதன் பொருள். உடனே வாயுவின் அளவை மாற்றும் வளையமான ரெகுலேட்டரைத் திருகக் கை போகும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் கேஸ் பிளக், அதாவது வாயுக் குழாயின் முன்முனையில் உள்ள மூடி. கிரனேடு ஏவுவதற்காக வாயுவை முழுவதுமாக அடைக்கும் ஒரு நிலை இதற்கு உண்டு. சுத்தம் செய்து திரும்பப் பூட்டும்போது பிளக்கை அந்த நிலையில் மாட்டிவிட்டால் பிஸ்டனுக்கு ஒரு துளி வாயுகூடப் போகாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் காக் செய்ய வேண்டியிருக்கும். பூட்டிய மறுநாள் முதல் துப்பாக்கி "சிங்கிள் ஷாட்" ஆகிவிட்டது என்று புகார் வந்தால் தொண்ணூறு விழுக்காடு இதுதான் என்று அடித்துச் சொல்வேன். அடுத்தது பிஸ்டன். கழற்றி, ஸ்பிரிங்கை நீக்கிவிட்டு, கேஸ் சிலிண்டருக்குள் விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். தயங்கினால் கரி படிந்திருக்கிறது, அல்லது குழாய் நெளிந்திருக்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் எண்ணெய் போடவே கூடாது. சூட்டில் எண்ணெய் கருகிக் கெட்டிக் கரியாகிறது. சுத்தமாக வைக்க நினைத்துச் செய்த வேலையே பழுதுக்குக் காரணமாகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் போதும்.

இவை சரியாக இருந்தால்தான் ரெகுலேட்டர். மிகையான வாயுவை வெளியே விடுவதே அதன் வேலை. வளையத்தைத் திறந்தால் வாயு வெளியே போகும், பிஸ்டனுக்குக் குறையும். மூடினால் பிஸ்டனுக்குக் கூடும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "கூட்ட வேண்டும்" என்று திறந்துகொண்டே போகிறவர்கள் உண்டு. சரியான அளவு வைக்க: வளையத்தை முழுவதும் திறந்துவிடுங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா வைத்துச் சுடுங்கள். எஃப்.ஏ.எல். மூல வகையில் கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் தானே பின்னால் நிற்கும். நிற்காவிட்டால் வளையத்தை ஒரு சொடுக்கு மூடி மறுபடியும் ஒரு தோட்டா. போல்ட் பின்னால் நிற்கத் தொடங்கும் எண்ணைக் கண்டதும், அதே எண்ணில் இன்னும் சில தோட்டாக்களைத் தனித்தனியாகச் சுட்டு உறுதி செய்துகொண்டு, மேலும் இரண்டு சொடுக்கு மூடி அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த இரண்டு சொடுக்கு, துப்பாக்கி அழுக்காகும்போது கைகொடுக்கும் சேமிப்பு. பிரிட்டிஷ் வழி வந்த வகைகளில் போல்ட் தானாக நிற்காது, கையால்தான் நிறுத்த வேண்டும். அவற்றில் மேகசினுக்கு இரண்டு தோட்டாவாக வைத்து, முதலாவதைச் சுட்டதும் இரண்டாவது தானே ஏறிப் பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். கிடைத்த எண்ணைத் துப்பாக்கியின் பதிவேட்டில் எழுதுங்கள். தோட்டாவின் தயாரிப்புத் தொகுதி மாறினால் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். பக்கத்துத் துப்பாக்கிக்கு அது பொருந்தாது.

வாயு அதிகமானாலும் இதே அறிகுறி வரும் என்பதுதான் இங்கே பலரை ஏமாற்றுகிறது. போல்ட் மிக வேகமாகப் பின்னால் போய்த் திரும்பும்போது, மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி முடித்திருக்காது. போல்ட் அதற்கு மேலாக ஓடி வெறும் சேம்பரில் மூடிவிடும். குறைவா அதிகமா என்று கண்டுபிடிக்க உறைகள் விழுந்த இடத்தைப் பாருங்கள். துப்பாக்கியின் அருகிலேயே சோம்பலாக விழுந்தால் வாயு குறைவு. வெகுதூரம் பறந்து, விளிம்பு நசுங்கியோ கிழிந்தோ கிடந்தால் அதிகம். சுட்டு முடிந்ததும் உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைப்பது எல்லாச் சுடுதளத்திலும் நடக்கிறது. அப்போதே விளிம்பையும் பார்த்துவிடலாம்.

இரண்டாவது வகை, உறை சேம்பரிலேயே தங்கிவிடுவது. போல்ட் வெறுங்கையோடு பின்னால் போய், அடுத்த தோட்டாவை அள்ளிக்கொண்டு வந்து, தங்கிய உறையின் முதுகில் இடிக்கும். போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, மேகசினைக் கழற்றி — நெருக்கத்தால் இது சுலபமாக வராது, பலமாகவே இழுக்க வேண்டியிருக்கும் — இரண்டு மூன்று முறை காக் செய்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால், மாட்டியிருப்பது காலி உறைதான், உயிருள்ள தோட்டா அல்ல என்று உறுதி செய்துகொண்ட பிறகே, குழலின் வாயிலிருந்து துப்புரவுக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும்.

எடுத்த உறையை வீசி எறியாதீர்கள். விளிம்பில் எக்ஸ்ட்ராக்டரின் (உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி) நகம் கடித்து, ஒரு துணுக்குப் பிய்ந்திருந்தால் நகம் தன் வேலையைச் செய்திருக்கிறது. உறைதான் சேம்பரில் ஒட்டிக்கொண்டது. சேம்பரில் துரு, கரி, எண்ணெய்ப் பசை, அல்லது அழுத்தம் தணியும் முன்பே பூட்டுத் திறக்கும்படி வாயு அதிகம் என்று தேட வேண்டும். விளிம்பு கீறலே இல்லாமல் சுத்தமாக இருந்தால் நகம் வழுக்கியிருக்கிறது: நகத்தின் முனை உடைந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது நகத்தின் அடியில் பித்தளைத் தூளும் கரியும் சேர்ந்து அதை மூடவிடாமல் செய்திருக்கும். உறை பாதியாக அறுந்து, முன்பாதி மட்டும் சேம்பரில் தங்கியிருந்தால் துப்பாக்கியை உடனே ஒதுக்கிவிடுங்கள். போல்ட்டுக்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கலாம். இந்த வகைத் துப்பாக்கியில் அந்த இடைவெளியைச் சரிசெய்வது, வெவ்வேறு அளவில் வரும் லாக்கிங் ஷோல்டர் என்ற எஃகுத் துண்டு. அளவுகோல் வைத்திருக்கும் ஆயுதத் தொழில்நுட்பர் மட்டுமே அதைத் தொட வேண்டும். ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றுக்கு மாற்றி மாட்டக் கூடாது என்பதும் இதனால்தான். பத்துத் துப்பாக்கிகளை ஒரே மேசையில் பிரித்துச் சுத்தம் செய்யும் வழக்கம் உள்ள இடங்களில் இந்தத் தவறு சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

உறை ஒட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய விபரீதமாகும் என்பதற்கு வியட்நாமில் அமெரிக்கர்களின் எம் 16 பட்ட பாடே சாட்சி. அது தானியங்கியாகவும் சுடும் துப்பாக்கி என்றாலும் கோளாறின் வேர் ஒன்றேதான். சோதனைகளில் நன்றாக ஓடிய துப்பாக்கிக்கு, பிறகு வேறு வகை வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்கள் தரப்பட்டன. சுடும் வேகம் கூடியது, கரி கூடியது. சேம்பருக்குக் குரோமியப் பூச்சு இல்லை, அந்த ஈரக் காட்டில் துரு பிடித்தது. சுத்தமே செய்ய வேண்டாத துப்பாக்கி என்ற பேச்சு பரவியிருந்தது. துப்புரவுச் சாமான்களும் போதிய அளவு போய்ச் சேரவில்லை. உறை சேம்பரில் சிக்கி, கம்பியால் தட்டி எடுக்க வேண்டிய நிலையில் வீரர்கள் மாண்டார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு விசாரித்து, வெடிமருந்து மாற்றத்தையே கடுமையாகக் குறை கூறியது. பிறகு சேம்பருக்குக் குரோமியம் பூசினார்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பஃபரை மாற்றினார்கள், துப்புரவுப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அதே துப்பாக்கிக் குடும்பம் இன்றும் பணியில் இருக்கிறது. கடற்கரையோரம் இருக்கும் நம் ஆயுதக் கிடங்குகளில் சேம்பர் துருவைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். குழலில் புல்த்ரூ (துணி கட்டி இழுக்கும் துப்புரவுக் கயிறு) இழுத்துவிட்டால் சேம்பர் சுத்தமாகாது. சேம்பர் குழலைவிட அகலம். துணி அதன் சுவரைத் தொடாமலே போய்விடும். அதற்கென்று உள்ள பிரஷ்ஷைச் சுழற்றித் தேய்த்து, உலரத் துடைக்க வேண்டும்.

தோட்டா ஏறாமல் முனை கீழே குத்தி நின்றால் மேகசினைப் பாருங்கள். எஸ்.எல்.ஆர். மேகசினின் முன்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு பின்பக்கத்தை மேலே சுழற்றிப் பூட்ட வேண்டும். கொக்கி சரியாக மாட்டாவிட்டால் முன்பக்கம் தொங்கும், தோட்டாவின் முனை சேம்பர் வாயைத் தேடாமல் அடியில் இடிக்கும். மேகசினைப் பூட்டியதும் ஒருமுறை கீழே இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கினால் போதும். ஐரோப்பிய வகை மேகசினைப் பிரிட்டிஷ் வகைத் துப்பாக்கியில் மாட்டினால் பொருந்தியது போலத் தெரியும், ஆனால் ஆடும். உதடு (தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல்விளிம்பு) நெளிந்த மேகசினை இடுக்கியால் நிமிர்த்துவது வீண் வேலை, கழித்துவிடுங்கள். மேகசினுக்கு உள்ளேயும் எண்ணெய் கூடாது, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். கசிந்து தோட்டாவின் பிரைமரையும் (அடிபட்டதும் தீப்பொறி தரும் அடிப்பாக மூடி) கெடுக்கும்.

போல்ட் முழுவதும் மூடாமல் சில மில்லிமீட்டர் பின்னாலேயே நின்றால் அடித்து மூட முயலாதீர்கள். எஸ்.எல்.ஆரின் காக்கிங் ஹேண்டில் போல்ட்டோடு சேர்ந்து முன்னால் போகாது. அதைத் தள்ளிப் பயனில்லை. தோட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள்: நசுங்கியிருக்கிறதா, குண்டு உள்ளே அமுங்கியிருக்கிறதா? தோட்டா நன்றாக இருந்தால் சேம்பர் அழுக்கு, அல்லது பட்டில் உள்ள ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன, அல்லது கேரியர் ஓடும் தடங்களில் பழைய கிரீஸ் கெட்டியாகிவிட்டது. எண்ணெய் வேண்டிய இடம் அந்தத் தடங்களும், கேரியரும் போல்ட்டும் உரசும் சாய்வுப் பரப்புகளும்தான். அங்கேயும் விரலில் ஈரம் தெரியும் அளவுதான்.

சுத்தியல் விழுந்தும் வெடிக்காவிட்டால், காத்திருந்து எடுத்த தோட்டாவின் பிரைமரைப் பார்த்தால் போதும். ஆழமான குழி நடுவில் விழுந்திருந்தால் துப்பாக்கி தன் கடமையைச் செய்துவிட்டது, தோட்டாதான் செத்தது. குழி லேசாக இருந்தால் போல்ட் முழுவதும் பூட்டவில்லை, அல்லது பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளையில் கிரீஸ் அடைத்திருக்கிறது, அல்லது சுத்தியல் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. குழியே இல்லையென்றால் ஃபயரிங் பின் உடைந்திருக்கலாம். பிகாரில் அன்று நீட்டப்பட்ட துப்பாக்கிகளின் தோட்டாக்களை வரிசையாக வைத்து அடிப்பாகத்தைப் பார்த்திருந்தால் குற்றம் யாருடையது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மரியாதைச் சூடு பற்றி இன்னொன்று. அதற்கான வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது. குழலை அடைத்துக்கொண்டு போக எதுவும் இல்லாததால் வாயு முன்பக்கமாகவே தப்பிவிடுகிறது. பிஸ்டனைத் தள்ளும் அழுத்தம் சேர்வதில்லை. குழல் வாயில் அதற்கென்று உள்ள அடைப்பைப் பொருத்தாவிட்டால் ஒவ்வொரு முறையும் கையால்தான் காக் செய்ய வேண்டும். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். அந்த அடைப்பு மாட்டிய துப்பாக்கி இருக்கும் இடத்தில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

விசையை ஒருமுறை அழுத்தும்போது இரண்டு தோட்டா போனால் அதைத் தள நிலையில் ஆராயவே வேண்டாம். விசைப் பகுதியில் தேய்மானம் ஏற்பட்டிருக்கிறது. சுடுவதை நிறுத்தி, காலி செய்து, சீட்டுக் கட்டித் தொழில்நுட்பரிடம் அனுப்புங்கள். அங்கே அரம் வைத்துத் தேய்த்தவர்கள் நல்ல துப்பாக்கியையும் ஆபத்தானதாக்கியிருக்கிறார்கள்.

எந்தப் பழுதானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேகசின்களுக்கு எண் பொறியுங்கள். அதே துப்பாக்கி, அதே தோட்டா, வேறு மேகசினில் ஐந்து தோட்டா சுடுங்கள். பழுது போய்விட்டால் பழைய மேகசினை வேறு துப்பாக்கியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் பழுது வந்தால் தீர்ந்தது. மேகசினை மாற்றியும் பழுது போகாவிட்டால் வேறு தொகுதித் தோட்டா. அதிலும் போகாவிட்டால்தான் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும். மேகசினும் ரெகுலேட்டரும் தோட்டாவும் ஒரே நேரத்தில் மாற்றப்பட்டு, "இப்போது சரியாகிவிட்டது" என்று எழுதப்பட்ட பதிவேடுகளால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அந்தக் கெட்ட மேகசின் இன்னொரு காவலரின் இடுப்புக்குப் போயிருக்கும்.

காவல் துறை உயர் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆயுதப் பதிவேட்டில் பழுதுக்கு இப்போது உள்ள ஒற்றைப் பத்திக்குப் பதிலாக மேகசின் எண், தோட்டாத் தொகுதி, போல்ட் நின்ற நிலை, காலி உறை இருந்த இடம், பிரைமரின் குழி, ரெகுலேட்டர் எண் என்று ஆறு பத்திகள் போடுங்கள். தங்கள் நிருபர்களும் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, அந்த ஆறில் பிரைமர் குழியையும் தோட்டாத் தொகுதியையும் பற்றியாவது அதிகாரிகளிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆயுதப் பராமரிப்பு அறிந்த வாசகர்,
வேலூர்